மூன்று சுழி ண

மேசையில் ஒரு தாள் கிடக்கிறது. அதில் 7 புள்ளி (பாயின்ட்) அளவில், தடித்த எழுத்தில் 'மணம்' என்று அச்சாகியிருக்கிறது. கண்ணருகே கொண்டுவந்தால் மணம்தான். கையை நீட்டிப் பிடித்தால் 'மனம்' ஆகிவிடுகிறது. எழுத்துரு வரைகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை. ஒரு சுழி காணாமல் போனால் பணி பனியாகிறது, ஆணி ஆனி மாதமாகிறது, கணம் கனத்துப் போகிறது.

எழுத்துரு ஒன்று பென்சில் கோட்டிலிருந்து கைப்பேசித் திரை வரை எப்படிப் போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் அ-வைக் காட்டுவதில்லை. பள்ளியில் 'மூன்று சுழி ண' என்று சொல்லிப் படித்தோமே, அதைக் காட்டுவேன். எழுத்துருவில் பழுதாகக்கூடியவை பெரும்பாலும் முதலில் இதில்தான் பழுதாகும்.

தொடங்கும்போது 247 எழுத்துகளையும் யாரும் வரைவதில்லை. ப, ட, ம, க, ர, வ, ண என்று ஏழெட்டு எழுத்துகள் போதும். ப வந்துவிட்டால் எழுத்தின் உயரமும் நிற்கும் கோட்டின் பருமனும் தெரிந்துவிடும். வ வந்துவிட்டால் வளைவின் குணம் தெரியும். ண-வில் தெரிவது, இந்தக் குடும்பத்தில் சுழி எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பது. அந்தச் சுழியே ன, ள, எ, ஒற்றைக் கொம்பு எல்லாவற்றுக்கும் போகப்போகிறது. அதனால் ண-வில் எடுக்கும் முடிவு அதோடு நிற்பதில்லை.

நாம் பேனாவால் எழுதுவது ஒரு பாதை. பேனா போன வழிதான் எழுத்து. எழுத்துருவில் அந்தப் பாதைக்கு இடமே இல்லை. கோட்டின் வெளி ஓரம் தனி, உள் ஓரம் தனி. ஆகவே ட்ரேசிங் தாளில் ண-வைக் கையகல உயரத்துக்குப் பெரிதாக வரையும்போது இரண்டு ஓரங்களையும் தனித்தனியே வரைகிறேன். பிறகு அதன்மேல் இன்னொரு தாள், அதில் திருத்திய ண. அதன்மேலும் ஒன்று. பத்துப் பதினைந்து தாள்களுக்குப் பின் கை சலித்துவிடும். அதற்குள் வடிவமும் ஓரளவு அடங்கிவிடும்.

கோடு எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பதும் தாளிலேயே முடிவாக வேண்டும். ஓலையில் எழுத்தாணி கீறும் கோடு எங்கும் ஒரே பருமன்தான். தடிப்பும் மெலிவும் கேட்பவன் அதை வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். நான் பெரும்பாலும் ஓலையின் பக்கம் சாய்கிறேன். சுழி நிறைந்த எழுத்தில் தடிப்பு மெலிவு காட்டினால் அலங்காரம் கூடும், வாசிப்பு குறையும் என்பது என் கட்சி. ஒப்பாதவர்களும் அழகான எழுத்துருக்கள் செய்திருக்கிறார்கள்.

தாளைப் படமெடுத்துக் கணினிக்குள் போட்டால் அடியில் மங்கலாகத் தெரியும். அதன்மேல் வளைவுகளை இழுக்க வேண்டும். இந்த வளைவுகளுக்குப் பெசியே வளைவு என்று பெயர். ரெனோ கார் நிறுவனத்தில் இருந்த பியேர் பெசியே 1960-களில் காரின் உடலை வரைவதற்காக உருவாக்கியது. போட்டி நிறுவனமான சித்ரோயெனில் பால் தெ காஸ்தெல்யோ அதற்கு முன்பே இதே கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார்; நிறுவனம் வெளியே சொல்லவிடவில்லை, பெயர் பெசியேவுக்குப் போய்விட்டது. வேலை செய்யும் விதம் எளிது. இரண்டு கணுக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி. கைப்பிடி எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தத் திசையில் வளைவு புறப்படும். எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு தூரம் அந்தத் திசையைப் பிடித்துக்கொண்டு போகும்.

கணுக்கள் குறையக் குறைய வளைவு வழவழப்பாகும். ஒரு சுழிக்கு வெளி ஓரத்தில் நான்கு, உள் ஓரத்தில் நான்கு. மேல், கீழ், இடம், வலம் என்று உச்சிகளில் மட்டும். படத்தைக் கொடுத்துவிட்டு 'நீயே வரை' என்று மென்பொருளிடம் விட்டால் அது நூற்றுக்கணக்கில் கணுக்களைக் கொட்டும். பென்சில் தூசியைக்கூட மதித்து அதற்கொரு மேடு வைக்கும். உள் ஓரமும் வெளி ஓரமும் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும் என்பது இன்னொரு விதி. இரண்டும் ஒரே திசையில் சுற்றினால் நடுவிலிருப்பது துளை என்று கணினிக்குத் தெரியாது. என் முதல் ண-வில் மூன்று சுழிகளும் மூன்று கருமணிகளாக வந்தன.

வரைபலகையில் எழுத்தின் முழு அளவு பெரும்பாலும் 1000 அலகு. அளவுகோல் இவ்வளவு துல்லியமாக இருப்பதால் எல்லாவற்றையும் சமமாக வைக்கத் தோன்றும். வைத்தால் கண் ஒப்புக்கொள்ளாது. நிற்கும் கோடும் படுத்த கோடும் இரண்டும் 80 அலகு என்றால் படுத்த கோடு தடித்துத் தெரியும். அதை 72 ஆக்கினால்தான் சமமாகத் தெரியும். ட-வின் தட்டையான அடி வரிக்கோட்டில் உட்காரலாம்; வளைந்த அடியுள்ள எழுத்து பத்துப் பன்னிரண்டு அலகு கோட்டுக்குக் கீழே இறங்கினால்தான் கோட்டில் நிற்பதுபோல் இருக்கும். இல்லாவிட்டால் மிதக்கும்.

சுழி வந்து நிற்கும் கோட்டைத் தொடும் இடம் இதைவிடத் தொல்லை. இரண்டு கோடுகள் சேரும் மூலையில் கருப்பு திரளும். அச்சில் மையும் அங்கேதான் தேங்கும். 1978-இல் மேத்யூ கார்ட்டர் அமெரிக்கத் தொலைபேசிக் கையேட்டுக்காக பெல் சென்டென்னியல் என்ற எழுத்துருவைச் செய்தபோது மூலைகளை வேண்டுமென்றே வெட்டிக் குழியாக்கினார். மட்டத் தாளில் மை பரவி அந்தக் குழியை நிரப்ப, எழுத்து சரியாக வந்தது. ண-வின் மூலைகளில் நானும் சிறிது கிள்ளி எடுக்கிறேன். பெரிதாக்கிப் பார்த்தால் யாரோ கடித்ததுபோல் இருக்கும்.

அதே 1978-இல்தான் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. பெரியார் 1935 முதலே குடிஅரசில் கையாண்ட வடிவங்கள் அவை. மாறியவை 13 எழுத்துகள். அவற்றில் ணா, ணை, ணொ, ணோ என்று நான்கு ண-வின் பிள்ளைகள். அதற்கு முன் ணை-க்கு யானைத் துதிக்கை போன்ற ஒரு வளைவு ண-வோடு ஒட்டிவரும். ணா-வுக்கும் தனி உருவம். ஈயத்தில் வார்த்த எழுத்துகளை அடுக்கி அச்சிட்ட காலத்தில் தனி உருவம் என்றால் தனி அச்சு, எழுத்துப் பெட்டியில் தனி அறை. இப்போது ண-வுக்கு முன்னால் இணைக் கொம்பும், பின்னால் துணைக்காலும் வைத்தால் முடிந்தது.

ஈயக் காலத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ் எழுத்தில் அச்சான புத்தகம் 1578-இலேயே கொல்லத்தில் வந்துவிட்டது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகள் மிகப் பெரியவை. புதிய ஏற்பாட்டை அவற்றில் அச்சிடக் காகிதம் கட்டாது. அங்கிருந்த மிஷனரிகள் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். சிறிய எழுத்து என்றால் பெரியதைச் சுருக்கியது இல்லை. ஒவ்வோர் அளவுக்கும் எஃகில் புதிதாக வெட்ட வேண்டும். நல்ல கைவினைஞர் சின்ன அளவை வெட்டும்போது சுழியைத் திறந்து விடுவார், கோட்டைக் கொஞ்சம் தடிப்பார், எழுத்தை அகலமாக்குவார். இன்று ஒரே வரைபடத்தை 7 புள்ளிக்கும் 70 புள்ளிக்கும் கணினி இழுத்துக்கொள்கிறது. வசதிதான். மேசைமேல் கிடக்கும் 'மனம்' அந்த வசதிக்குக் கொடுத்த விலை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ண-வின் அடிப்பகுதியில் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் அது ஏழு இடங்களில் கருப்பைத் தொடுகிறது. இடையில் ஆறு வெள்ளை. சாதாரண எழுத்தில் அகலம் 1150 அலகு. கருப்பு ஏழு எண்பது 560. மீதி 590-ஐ ஆறாகப் பிரித்தால் வெள்ளை ஒவ்வொன்றும் 98. தடித்த எழுத்தில் கோடு 140 ஆகிறது. ஏழு கோட்டுக்கு 980. மிஞ்சுவது 170, பங்கு 28 அலகு. திரையில் எழுத்தின் அளவு 12 பிக்சல் என்றால் 28 அலகு என்பது ஒரு பிக்சலில் மூன்றில் ஒரு பங்கு. அந்த வெள்ளையைத் திரை சாம்பலாகக் கரைத்துவிடும். அச்சில் மை மூடிவிடும்.

வழி இரண்டு, இரண்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். அகலத்தை 1350 ஆக்கினேன். இரு ஓரக் கோடுகளை மட்டும் 140-லேயே விட்டு, உள்ளே இருக்கும் ஐந்தையும் 110 ஆக மெலித்தேன். இப்போது கருப்பு 830, வெள்ளை 520, பங்கு 87. அதே 12 பிக்சலில் ஒரு பிக்சலுக்குச் சற்று மேல். சுழி பிழைத்துக்கொண்டது. வாசிப்பவர் பார்வைக்கு ஏழு கோடும் ஒரே தடிப்புதான். உள்ளே மெலிந்திருப்பதை அளந்தால்தான் தெரியும்.

மெல்லியதற்கும் தடித்ததற்கும் இடையிலுள்ள பருமன்களைத் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. இரு முனைகளிலும் கணுக்கள் அதே எண்ணிக்கையில், அதே வரிசையில் இருந்தால் இடைப்பட்டவற்றைக் கணினியே கணக்கிட்டுவிடும். 2016-இல் வந்த மாறு எழுத்துரு முறையில் முழு வீச்சும் ஒரே கோப்பில் அடங்குகிறது. சிறிய அளவுக்கென்று தனி வடிவத்தையும் அதில் வைக்கலாம். எஃகில் வெட்டியவர்கள் கையால் செய்த வேலை, முந்நூறு வருடம் கழித்து ஒரு நகர்த்துப்பட்டையாகத் திரும்பியிருக்கிறது.

வரைந்த எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பது அடுத்த வேலை. ஒவ்வொரு எழுத்துக்கும் இடத்திலும் வலத்திலும் இவ்வளவு வெள்ளை என்று கொடுக்க வேண்டும். நேர்கோட்டுப் பக்கத்துக்கு 70 என்றால் வளைவுப் பக்கத்துக்கு 45 போதும். ட-தான் சண்டித்தனம் செய்யும். அதன் வலத்தோளில் எப்போதும் ஒரு பள்ளம். 'பாட்டு', 'பட்டம்' என்று பக்கம் பக்கமாக அடித்து, தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பேன். வாசிக்க முடியாதபோதுதான் ஓட்டைகள் தெரியும். ர-வின் காலடியில் சாய்ந்து இறங்கும் வால் துணைக்காலிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கையிலிருப்பது படங்களின் மூட்டைதான். 'பெண்ணுக்கு' என்று தட்டச்சு செய்கிறோம். யூனிகோடு முறையில் கணினி அதைப் பத்துக் குறிகளாகச் சேமிக்கிறது: ப, ஒற்றைக் கொம்பு, ண, புள்ளி, ண, உகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி. பதின்ம எண்ணில் ண-வின் இலக்கம் 2979, ன-வுக்கு 2985. கவனித்தால், கொம்பு ப-வுக்குப் பின்னால் நிற்கிறது. திரையில் முன்னால் வர வேண்டும். ஹார்ஃப்பஸ் போன்ற ஒரு மென்பொருள் அதை முன்னால் தள்ளுகிறது. பிறகு எழுத்துருவுக்குள் நான் எழுதிவைத்த விதிகளைப் பார்க்கிறது. 'ண-வும் உகரக் குறியும் சேர்ந்து வந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு ணு-வை வை' என்பது ஒரு விதி. பத்துக் குறிகள் கடைசியில் ஆறு படங்களாகின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இந்த ஏற்பாடு கிடையாது. ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ்ப் படம் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கிலக் குவியல்தான் மிஞ்சும்.

கா, கெ, கை எல்லாம் கோத்து வருபவை. தனியே வரைய வேண்டாம். ஆனால் உகர, ஊகார வரிசைகளில் 36-ஐயும் ஒவ்வொன்றாக வரைந்தே தீர வேண்டும். கு, டு, மு ஒரு சாதி. சு, பு, வு இன்னொரு சாதி. ணு, து, நு மூன்றாவது. இகர, ஈகார வரிசைகளும் புள்ளி வைத்தவையும் கிரந்தமும் சேர்ந்தால் வரைய வேண்டியவை சுமார் 150. ஒரு விதியை மறந்தால் போதும், குறி தனியே நிற்கும். எனக்கு விட்டுப்போனது ணூ. சோதித்த பக்கங்களில் அந்த எழுத்து ஒரு முறைகூட வரவில்லை.

கடைசி நாளில் வரைந்தது ஙூ. அதைச் சோதித்துப் பார்க்க ஒரு சொல்லைத் தேடினேன், அகப்படவில்லை. ஆனால் இல்லாமல் எழுத்துருவை மூட முடியாது. யாராவது ஒருவர் முதல் வகுப்புச் சுவரில் மாட்டும் எழுத்து அட்டையை இதில் அச்சிடுவார். அந்த அட்டையில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் அங்குல உயரம் இருக்கும். அங்கே ண-வுக்கு ஓர் ஆபத்தும் இல்லை.