மணல் காக்கும் தண்ணீர்

"ஒரு கவுண்டியில் வெறும் 434 பேரா? அச்சுப் பிழையோ?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பிழையில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவான ஆர்தர் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் அவ்வளவுதான். பரப்போ ஏறக்குறைய 1,860 சதுர கிலோமீட்டர். அமெரிக்க அதிபராக இருந்த செஸ்டர் ஆர்தரின் பெயரில் 1887இல் எல்லை வகுத்தார்கள். தனி நிர்வாகம் அமைந்தது 1913இல்தான். ஏன் ஆள் சேரவில்லை என்பதற்கு விடை காலடியில் இருக்கிறது.

இது சாண்ட்ஹில்ஸ் பகுதி. சுமார் 50,000 சதுர கிலோமீட்டருக்குக் காற்று குவித்த மணற்குன்றுகள். சில 120 மீட்டர் வரை உயர்ந்தவை. இன்று அவற்றின் மேல் புல் போர்த்தியிருக்கிறது.

எனக்கு அலுக்காத அதிசயம் இந்த மணலுக்குள் நடக்கிறது. களிமண்ணின் துளைகள் மிக நுண்ணியவை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஈரம் அவற்றின் வழியே மேலேறி வெயிலில் ஆவியாகிவிடும். மணலில் இடைவெளிகள் பெரியவை. மழைநீர் ஓடையாக ஓடாமல் சடசடவென்று உள்ளே இறங்கும். பிறகு மேலே சில விரற்கடை மணல் மட்டும் காயும். அத்துடன் திரி அறுந்துவிடும். அந்தக் காய்ந்த அடுக்கே மூடியாகி, கீழுள்ள ஈரத்தைக் காக்கிறது. புல் வேர்கள் குடித்தது போக மிஞ்சியது இறங்கி, ஒகல்லாலா நிலத்தடி நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. குன்றுகளுக்கு இடையே பள்ளம் நீர்மட்டத்தைத் தொடும் இடங்களில், ஆறு எதுவும் வந்து சேராமலே ஏரி நிற்கிறது!

இதை அறியாமல் ஏரைப் பூட்டினால் வேர் அறும், மணல் பறக்கும். ஆனால் 1870, 80களில் "ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னாலேயே வரும்" என்ற நம்பிக்கை அந்தச் சமவெளியெங்கும் பரவியிருந்தது. படித்த பேராசிரியர்களே அதைப் பரப்பினார்கள் என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1890களின் வறட்சியில் விலை கொடுத்தவர்கள் ஏழை உழவர்கள். குடியேறுவோருக்கு அரசு வழக்கமாகத் தந்த 160 ஏக்கருக்குப் பதில் 640 ஏக்கர் தரும் கின்கெய்ட் சட்டம் 1904இல் வந்தது. அதுவும் பலருக்குப் போதவில்லை. நிலம் மாட்டுப் பண்ணைகளின் கைக்குப் போனது.

தங்கியவர்களுக்கு வீடு கட்டவும் வழியில்லை. மரம் கிடையாது, மண் கட்டியாக நிற்காது. இருந்தது புல்லும் வைக்கோலும்தான். அவற்றை இயந்திரத்தில் அழுத்திக் கட்டி, செங்கல்போல் அடுக்கிப் பூசினார்கள். ஆர்தர் ஊரில் 1928இல் அப்படி எழுப்பிய வைக்கோல் சுவர்த் தேவாலயம் இன்றும் நிற்கிறது.