டிரெய்லர் வாங்கும் முன் கார்க் கதவைத் திறந்து பாருங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. ஒரு குடும்ப எஸ்யூவி, பின்னால் புத்தம் புதிய சிறிய பயண டிரெய்லர், டிரெய்லரின் பின் பம்பரில் இரண்டு சைக்கிள். நெடுஞ்சாலையில் ஒரு லாரி முந்திப் போனபோது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்து, இரண்டு தடத்தையும் அடைத்துக்கொண்டு ஆடி, எப்படியோ ஓரத்தில் நின்றிருக்கிறது. பட்டறைக்கு வந்து இறங்கியபோதும் ஓட்டியவரின் கை நடுக்கம் நிற்கவில்லை. பின்சீட்டில் இரண்டு குழந்தைகள். அவர் என்னிடம் முதலில் சொன்னது இதுதான்: "இந்த வண்டி 2,000 கிலோ இழுக்கும்னு போட்டிருக்கு சார், டிரெய்லர் 1,150 கிலோதான். ஹிட்ச்லதான் ஏதோ கோளாறு, கொஞ்சம் பாருங்க."

வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் அந்த ஹிட்சில் ஒரு கோளாறும் இல்லை. ஹிட்ச் பொருத்துவதும் டிரெய்லர் பிரேக்குக்கு வயரிங் செய்வதும்தான் என் தொழில், இந்த 2,000 கிலோ கதையை வாரம் தவறாமல் கேட்கிறேன். கேட்டுக் கேட்டுக் கோபம் வருகிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் அந்த எண்ணை முதலில் பேசித் தீர்த்துவிடுவோம். இழுவைத் திறன் என்பது, கிட்டத்தட்ட காலியாக இருக்கும் வண்டி அதிகபட்சம் எவ்வளவு எடையுள்ள டிரெய்லரை இழுக்கலாம் என்பதற்கான வரம்பு. அமெரிக்காவில் இதை அளக்க ஜே2807 என்று ஒரு தரநிலை இருக்கிறது. ஏசியை முழுதாக ஓடவிட்டு, அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில் சுமார் 18 கிலோமீட்டர் டிரெய்லரோடு ஏற வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு, கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டும், ஆளுக்கு 68 கிலோ. உங்கள் இரண்டு குழந்தைகள், அவர்கள் பெட்டிகள், ஐஸ் பெட்டி, கூடாரம், நாய், எதுவும் அதில் இல்லை. நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் எங்கேயோ ஓரிடத்தில் கழிந்துகொண்டே இருக்கிறது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கும் தனியாக ஒரு வரம்பு உண்டு, அதைக் கையேட்டில் தேடிப் படித்துவிட்டு வாங்கியவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சரி, எது முதலில் தீரும்? சிறிய டிரெய்லர், குடும்ப வண்டி என்ற ஜோடியில் பெரும்பாலும் முதலில் தீருவது பேலோடு, அதாவது வண்டி தன் முதுகில் சுமக்கக்கூடிய எடை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வட அமெரிக்க வண்டிகளில் ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்றே எழுதியிருக்கும். ஐரோப்பிய வண்டிகளின் தகட்டில் நான்கு எண்கள் வரிசையாக இருக்கும்: வண்டியின் அதிகபட்ச எடை, டிரெய்லரோடு சேர்ந்த அதிகபட்ச எடை, முன் அச்சு, பின் அச்சு. முதல் எண்ணிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் பேலோடு வந்துவிடும்.

இவர் வண்டியில் அந்த எண் 430 கிலோ. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 210. டிக்கியில் இருந்த சாமான் 60. பின்னால் பொருத்திய ஹிட்ச் 25. ஆக 295 போய்விட்டது, மிச்சம் 135. டிரெய்லரை எடை மேடையில் ஏற்றினோம், 1,500 கிலோ காட்டியது. இந்த மாதிரி டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்சின் மேல் செங்குத்தாக இறங்க வேண்டும், நாங்கள் டங் வெயிட் என்போம். 12 சதவீதம் என்று வைத்தால் 180 கிலோ. அந்த 180 வண்டியின் பேலோடில்தான் சேரும்! இதைச் சொன்னால் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்க்கிறார்கள், டிரெய்லர் தன் சக்கரத்தில்தானே நிற்கிறது என்கிறார்கள். நிற்கிறது, ஆனால் முழுதாக நிற்கவில்லை, ஒரு பகுதியை உங்கள் வண்டிதான் தூக்கிக்கொண்டு போகிறது. 295-ம் 180-ம் 475. வரம்பைத் தாண்டி 45 கிலோ. இழுவைத் திறனில் 500 கிலோ மீதி இருக்கும்போதே வண்டி வரம்பைத் தாண்டியாயிற்று.

அந்த 180 கிலோ உட்காரும் இடமும் மோசமானது. அது பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை, ஒரு மீட்டருக்கும் மேல் பின்னால் தள்ளித் தொங்குகிறது. வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம், 2.7 மீட்டர், பின் அச்சிலிருந்து ஹிட்ச் 1.1 மீட்டர் என்றால், பின் அச்சில் கூடுவது 180 இல்லை, சுமார் 253 கிலோ. முன் அச்சிலிருந்து 73 கிலோ கழன்று போகிறது. ஏற்ற இறக்கப் பலகையில் பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் முன்னால் எழும்புமே, அதேதான். ஸ்டியரிங் லேசாகிவிட்டது, முகப்பு விளக்கு மரக்கிளையைப் பார்க்கிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் இதுதான் காரணம். வீல்பேஸ் குட்டையான வண்டியில் இந்த விளைவு இன்னும் கூடும், டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளும்போது நேராகப் பிடித்து நிறுத்தும் பலமும் குறையும்.

இப்போது நம் ஆள் என்ன செய்தார் என்று கேளுங்கள். முதல் பயணத்தில் வண்டியின் பின்பக்கம் அமுங்கியிருக்கிறது. யாரோ ஒரு நண்பர், டிரெய்லருக்குள் இருக்கிற கனமான சாமானையெல்லாம் பின்னால் தள்ளிவிடு, முன்பக்கம் லேசாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். இவரும் தண்ணீர் கேன்களைப் பின்னால் அடுக்கி, சைக்கிள்களைப் பின் பம்பரில் கட்டிவிட்டார். வண்டி நிமிர்ந்துவிட்டது, அவருக்கும் திருப்தி. டங் வெயிட்டை அளந்தபோது வெறும் 80 கிலோ. 1,500 கிலோ டிரெய்லருக்கு அது ஐந்தரை சதவீதம்கூட இல்லை. பின்கனமான டிரெய்லர் மெதுவாகப் போகும்போது சாதுவாகத்தான் வரும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வேகம் இருக்கிறது, அதைத் தாண்டிவிட்டால் சின்னத் தள்ளலில் தொடங்கிய ஆட்டம் அடங்காது, ஒவ்வொரு முறையும் பெரிதாகும். பின்னால் எடை கூடக் கூட அந்த வேகம் கீழே இறங்கிவரும். அந்த லாரி தள்ளியது கொஞ்சம்தான், மீதியைத் தண்ணீர் கேன்களும் சைக்கிள்களும் பார்த்துக்கொண்டன. தயவுசெய்து, வண்டியின் முதுகு தாங்கவில்லை என்றால் சுமையைக் குறையுங்கள், இல்லை வண்டியை மாற்றுங்கள். சுமையை டிரெய்லரின் வாலுக்குத் தள்ளாதீர்கள். சாமானில் பாதிக்கு மேல், 60 சதவீதம் அளவுக்கு, டிரெய்லர் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும்.

இன்னொரு கூட்டம் பின் சஸ்பென்ஷனுக்குக் காற்றுப் பை போடச் சொல்லி வரும். போட்டால் வண்டி நிமிரும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அச்சும் டயரும் பிரேக்கும் அப்படியேதான் இருக்கின்றன, ஸ்டிக்கரில் உள்ள எண் ஒரு கிலோகூட ஏறாது. பெரிய ஹிட்ச் போட்டால் அதிகம் இழுக்கலாம் என்பதும் அதே ரகம். முதல் வகுப்பு ஹிட்ச் 907 கிலோ வரை, இரண்டாம் வகுப்பு 1,588 வரை என்று அவற்றுக்கு வரம்புகள் உண்டு, ஆனால் வண்டி, ஹிட்ச், அதன் நுனியில் உள்ள பந்து, அந்தப் பந்தைக் கவ்வும் டிரெய்லரின் கப்ளர் என்ற சங்கிலியில் எதன் வரம்பு குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. சுமையை முன் அச்சுக்கும் பகிரும் ஹிட்ச் நல்ல சாதனம், நானே பலருக்குப் பொருத்தியிருக்கிறேன். ஆனால் சில வண்டிகளின் கையேட்டிலேயே அதைப் பொருத்தக் கூடாது என்று இருக்கும், அதைப் படித்த பிறகு என்னிடம் கேளுங்கள். பந்தைப் பற்றியும் ஒன்று: 50 மில்லிமீட்டர் பந்தும் 2 அங்குலப் பந்தும் ஒன்றல்ல, 2 அங்குலம் என்பது 50.8. கண்ணால் பார்த்தால் தெரியாது, 2 அங்குலக் கப்ளரில் 50 மில்லிமீட்டர் பந்து தளர்வாகவே நிற்கும்.

1,150 எப்படி 1,500 ஆனது என்றும் கேட்டார். விற்பவர் சொல்வது காலி எடை. தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ, 100 லிட்டர் தொட்டி நிரப்பினால் 100 கிலோ. 9 கிலோ கேஸ் பிடிக்கும் சிலிண்டர் உருளையோடு சேர்த்து 17 கிலோ வரும், இரண்டு இருந்தால் 34. பேட்டரி, கூரை ஏசி, வெயில் மறைப்பு, படுக்கை, பாத்திரம், சைக்கிள், எல்லாம் சேர்ந்தால் 350 ஒன்றும் ஆச்சரியமில்லை. வண்டி தேடும்போது காலி எடையை மறந்துவிடுங்கள். டிரெய்லரின் தகட்டில் உள்ள அதிகபட்ச எடையை வைத்தே கணக்குப் போடுங்கள், ஒருநாள் அதுவரை ஏற்றத்தான் போகிறீர்கள்.

இன்ஜினைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், இன்றைய இன்ஜின்கள் இழுத்துவிடும். டர்போ இல்லாத இன்ஜின் என்றால் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் பலம் குறையும், மலைப்பக்கம் போகிறவர்கள் அதைக் கணக்கில் வையுங்கள். கியர்பாக்ஸ்தான் எனக்குக் கவலை. சிவிடி, அதாவது தனித்தனி கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், உள்ள வண்டியில் நீண்ட ஏற்றங்களில் சூடு ஏறும், அதற்கென்று குளிர்விப்பான் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மின்சார வண்டி அருமையாக இழுக்கும், ஆனால் பெட்டி மாதிரி உயரமான டிரெய்லரோடு ஒரு சார்ஜில் போகும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், எனவே சார்ஜ் போடும் இடங்களை வைத்துத்தான் பயணத்தைத் திட்டமிட வேண்டியிருக்கும். எடை குறைவு என்பதற்காக உயரமான டிரெய்லரைச் சிறியது என்று நினைத்துவிடாதீர்கள், காற்று எடையைப் பார்த்து அடிப்பதில்லை. முன்பக்கப் பரப்பளவுக்கும் வரம்பு சொல்லும் கையேடுகள் உண்டு.

பிரேக். இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பல இடங்களில் 1,360 கிலோ. சட்டம் எதுவாக இருந்தாலும், உங்கள் கையேட்டில் பிரேக் இல்லாத டிரெய்லருக்குத் தனி எண் இருக்கும், அது பெரும்பாலும் மிகச் சிறியது. வேகம் 80-லிருந்து 100 ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிறது. மின்சார பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் வண்டிக்குள் கன்ட்ரோலர் வேண்டும், நீங்கள் பிரேக்கை அழுத்தும் அளவுக்கேற்ப டிரெய்லரையும் பிடிக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இணைப்பு அறுந்தால் டிரெய்லரைத் தானே நிறுத்தும் அவசரக் கம்பியை ஹிட்சின் சங்கிலியோடு சேர்த்து மாட்டாதீர்கள், அதற்குத் தனி இடம் உண்டு.

ஊருக்கு ஊர் எண்கள் வேறு என்பதால் வரும் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய கேரவன்களுக்கு டங் வெயிட் 4 முதல் 7 சதவீதம் போதும் என்பார்கள், அங்கே பல கார்களின் ஹிட்ச் 75 முதல் 100 கிலோவுக்கு மேல் தாங்காது. அங்கே டிரெய்லரின் வடிவமைப்பு வேறு, இழுத்துப் போகும் வேகமும் குறைவு. அந்த எண்ணைப் படித்துவிட்டு வட அமெரிக்க டிரெய்லரை 5 சதவீதத்தில் இழுத்துக்கொண்டு வேகமாகப் போகாதீர்கள். எந்த டிரெய்லரோ அதன் கையேட்டு எண், எந்த வண்டியோ அதன் கையேட்டு எண்.

எடை போடுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பயணத்துக்கு ஏற்றுவது போலவே எல்லாம் ஏற்றிக்கொண்டு, ஆட்களோடு எடை மேடைக்குப் போங்கள். டிரெய்லரைக் கழற்றி வெளியே நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் ஒரு முறை. அப்புறம் டிரெய்லரை மாட்டி, வண்டியின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க ஒரு முறை. கடைசியாக எல்லாச் சக்கரமும் மேடையில் இருக்க ஒரு முறை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் டங் வெயிட், மூன்றாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் டிரெய்லரின் முழு எடை. இரண்டாவது எடை வண்டியின் அதிகபட்ச எடைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். டயரில் தேதியையும் பாருங்கள், 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரம். டிரெய்லர் டயர் தேய்ந்து போகும் முன்பே வயதாகிப் போகும்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பி அடக்கப் பார்க்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், கால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், கன்ட்ரோலரில் இருக்கும் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று நம் ஆளுக்குத் தெரியவே தெரியாது. நிறுத்தி வைத்த வண்டியில் உட்கார்ந்து நாலு தடவை தொட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

அன்று அவரை நான் டிரெய்லரோடு அனுப்பவில்லை. சைக்கிளைக் கழற்றி, கேன்களைக் காலி செய்து பார்த்தும் அந்த வண்டியில் நால்வரும் இந்த டிரெய்லரும் ஒன்றாகப் போக வழி இல்லை என்று மனைவியையும் வைத்துக்கொண்டே கணக்குப் போட்டுக் காட்டினேன். டிரெய்லரை விட்டுவிட்டுப் போனார்கள். இப்போது அவர் பழைய வண்டி பார்க்கப் போகும் இடத்திலெல்லாம் முதலில் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறார். நேற்று வந்த படத்தில் 640 கிலோ என்றிருந்தது. போய் ஓட்டிப் பாருங்கள் என்று பதில் போட்டேன்.