தோட்டத்தில் ‘ரிதம்’ தாளமாகாது, அது சீர்

தோட்டக்கலையையும் நிலவடிவமைப்பையும் பற்றித் தமிழில் எழுதுவோர், செடியும் வெளியும் மாறிமாறி வரும் ஒழுங்கைக் குறிக்கும் ‘ரிதம்’ என்ற ஆங்கிலச் சொல் எதிர்ப்பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு ‘தாளம்’ என்று எழுதிவிடுகிறார்கள். பாளையங்கோட்டையில் வீட்டுத்தோட்டம் அமைத்துத் தருவோரின் துண்டறிக்கையிலும், கட்டடக்கலை மாணவர்களின் குறிப்பேட்டிலும் ‘செடிகளின் தாளம்’, ‘தாள நடவு’ என்னும் தொடர்கள் கூச்சமின்றிப் புழங்குகின்றன. அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பில் ‘மரங்கள் தாளத்தோடு நடப்பட வேண்டும்’ என்று படித்த பிறகு, இதைப் பேசாமல் விடுவது சரியன்று என்று தோன்றிற்று.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்க மொழியின் ‘ரித்மோஸ்’ இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழைந்தது. ‘ஓடுதல்’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து அது வந்தது என்பது பழைய விளக்கம். ஓடுகின்ற ஒன்று அந்தந்தக் கணத்தில் கொள்ளும் வடிவமே அதன் முதற்பொருள் என்று பிரெஞ்சு மொழியியலறிஞர் எமில் பென்வெனிஸ்த் பின்னர் வாதிட்டார். இரண்டு விளக்கங்களிலும் கைத்தட்டல் எண்ணிக்கை இல்லை என்பது நமக்குப் போதும்.

நிலவடிவமைப்பு இசையிடமிருந்து சொற்களைக் கடன் வாங்குவதில் தவறே இல்லை. இரண்டும் காலத்தில் விரிபவை. பாட்டைக் கேட்டுமுடிக்க நேரம் வேண்டும், தோட்டத்தை நடந்துமுடிக்கவும் நேரம் வேண்டும். நெல்லையப்பர் கோயிலில் சுவாமி சன்னிதிப் பக்கமிருந்து காந்திமதியம்மன் சன்னிதிக்குச் செல்லும் சங்கிலி மண்டபத்தை, 1647-இல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டியதை, நடந்தே கடந்தவர்களுக்கு இது விளங்கும். தூண், வெளி, தூண், வெளி என்று அம்மண்டபம் நம் நடைக்கு ஏற்பத் தன்னை அவிழ்த்துக் காட்டுகிறது. (அதே கோயிலின் மணிமண்டபத்து இசைத்தூண்களைக் காட்டி, கல்லும் இசையும் ஒன்று என்று சிலர் இவ்விடத்தில் பேசத் தொடங்குவார்கள். அத்தூண்கள் தருவது சுரம். அது வேறு செய்தி.) டொரொண்டோ நகர ஏரிக்கரையில் 1999-இல் திறக்கப்பட்ட இசைத் தோட்டம், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், செல்லோ என்னும் நரம்பிசைக் கருவிக்காக இயற்றிய முதல் தொகுப்பின் ஆறு பகுதிகளை ஆறு நிலப்பகுதிகளாக்கியது. செல்லோ கலைஞர் யோ-யோ மாவும் வடிவமைப்பாளர் ஜூலி மொயர் மெசர்வியும் சேர்ந்து உருவாக்கியது அது. முதற்பகுதி ஆறுபோல் வளைந்து செல்கிறது. ஒரு பகுதி காட்டுப்பூக்களுக்கிடையே சுழலும் பாதையாகிறது. கடைசிப் பகுதி புல் படர்ந்த படிகளாக இறங்குகிறது. அங்கே யாரும் பாக்கின் அடிகளை எண்ணி அத்தனை செடி நடவில்லை. இசையின் நடை நிலத்தின் நடையாயிற்று.

இதைத்தான் ‘தாளம்’ என்ற சொல் மறைத்துவிடுகிறது. தாளம் ஒரு வட்டம். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை சென்று முதலுக்குத் திரும்பும். மிச்ர சாபு ஏழில் திரும்பும். திரும்பி வந்து விழும் முதலடியாகிய சமம் இல்லையேல் தாளமே இல்லை. மருத மரங்கள் நிற்கும் சாலையில் நடப்பவர் எட்டு மரத்துக்கு ஒருமுறை புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவதில்லை. அவர் போய்க்கொண்டே இருக்கிறார்.

இன்னொன்று, தாளம் பாட்டுக்கு வெளியே நிற்பது. கையோ ஜால்ராவோ அதைத் தனியே காட்டும். பாட்டு அதற்குள் வந்து பொருந்தும், சில நேரம் அதை மீறி ஓடிவிட்டுத் திரும்பி வந்து சேரும். தோட்டத்தில் செடிகளுக்கு வெளியே நின்று கணக்குக் காட்டும் கை எது? அங்கே அளவும் மரந்தான், அளக்கப்படுவதும் மரந்தான். வேகமும் அப்படியே. கச்சேரியில் காலப்பிரமாணம் மேடையில் இருப்பவர் கையில் இருக்கிறது. தோட்டத்தில் அது நடப்பவர் காலில் இருக்கிறது. அவர் வேப்பமர நிழலில் சற்று நின்றுவிட்டால் எந்தத் தாளமும் தப்பிவிடுவதில்லை.

இது வெறும் சொற்சண்டை அன்று. செய்யும் வேலையையே கெடுக்கிறது. தாளம் என்று கேட்ட ஒப்பந்தக்காரர் நாடாவை நீட்டி, சுற்றுச்சுவர் முழுவதும் மூன்றடிக்கு ஒரு நந்தியாவட்டை, இடையில் ஓர் அரளி என்று மூலைவரை நட்டுவிட்டு, ‘ரிதம் வந்துவிட்டது’ என்கிறார். சம இடைவெளிக்கு உரிய இடம் உண்டு. திருந்திய நெல் சாகுபடியில் 25 செ.மீ.க்கு 25 செ.மீ. என்று சதுரமாக நாற்று நடுகிறார்கள். கோனோவீடர் என்னும் களைக்கருவி நெடுக்கிலும் குறுக்கிலும் உருண்டு செல்ல அந்த இடைவெளி வேண்டும். அந்த வயலை யாரும் தாள வயல் என்று சொல்வதில்லை. தோட்டத்தில் களைக்கருவி ஓட வேண்டியதில்லை, கண் ஓட வேண்டும். மாறாத இடைவெளியில் கண் பத்தாவது செடியிலேயே சலித்து நின்றுவிடுகிறது.

மொழிபெயர்ப்போரிடம் எனக்குள்ள மனக்குறை இங்கேதான். அகராதியில் முதல் வரியில் கிடைத்த சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல் அந்தத் துறையில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. ஒரே நூலில் ஒரு பக்கம் ‘தாளம்’, நாலு பக்கம் தள்ளி ‘ஒத்திசைவு’ என்று அதே சொல்லைப் பெயர்த்திருப்பதையும் கண்டேன். ஒத்திசைவு ‘ஹார்மனி’க்கு உரியது. அதை இதற்கும் கொடுத்துவிட்டால், படிக்கும் மாணவர் இரண்டும் ஒன்றென்று எண்ணிக்கொள்ள மாட்டாரா?

‘லயம்’ என்போரும் உண்டு. அது கரைதல், ஒடுங்குதல் என்னும் பொருளுடைய வடசொல். ‘லயித்துப் போனேன்’ என்பதில் இன்றும் அந்தப் பொருளே நிற்கிறது. பொருள்கள் தனித்தனியே தெரிய நிற்பதைக் கரைதலால் எப்படிக் குறிப்பது? ‘சந்தம்’ ஓசையை விட்டு நகராது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தை வாய்விட்டுப் பாடினால்தான் அதன் சந்தம் தெரியும். ‘வண்ணம்’ தொல்காப்பியம் தந்த நல்ல சொல், எனினும் தோட்டத்தில் வண்ணம் என்றால் பூவின் நிறமென்றே கொள்வார்கள்.

நான் பரிந்துரைப்பது, யாப்பில் அசைகள் சேர்ந்தமையும் உறுப்பின் பெயரான ‘சீர்’. தொல்காப்பியச் செய்யுளியல் அதை இப்படி வரையறுக்கிறது: ‘ஈரசை கொண்டும் மூவசை புணர்த்தும் / சீரியைந்து இற்றது சீரெனப் படுமே.’ இயைந்து இற்றது என்னும் இரு சொற்களைக் கவனியுங்கள். உறுப்புகள் கூடி ஒன்றாக வேண்டும். கூடியபின் அற்று நிற்கவும் வேண்டும். மூன்று செடிகள் ஒரு குழுவாகச் சேர்வது இயைதல். அடுத்த குழுவுக்கு முன் விடும் வெறுந்தரை இறுதல். நிலவடிவமைப்பாளர் ‘ரிதம்’ என்று சொல்லும்போது மனத்தில் கொண்டிருப்பது இதுவன்றி வேறில்லை.

‘சீரான இடைவெளி’ என்றாலும் சம இடைவெளிதானே, அதே தவறு மறுபடி வராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பேச்சுவழக்கில் அந்தச் சாயல் உண்டுதான். ஆனால் யாப்பில் சீர்கள் சம நீளமுடையவை அல்ல. ஈரசையாலான தேமாவும் ஒரு சீர், மூவசையாலான கருவிளங்கனியும் ஒரு சீர். நீளம் வேறுபட்டும் நடை குலையாமல் செல்வதே சீரின் இயல்பு. சீர்களை அடையாளங்காட்டும் அந்த வாய்பாடுகளின் பெயர்களைப் பாருங்கள்: தேமா, புளிமா, கூவிளம்; அப்புறம் காய், கனி, தண்பூ, நறும்பூ, தண்ணிழல், நறுநிழல். இரண்டு மாவும் ஒரு வில்வமும், அவற்றின் காயும் கனியும் பூவும் நிழலும்! ஓசையளவுக்குப் பெயர் தேடிய நம் யாப்பிலக்கணிகள் தோப்புக்குள் போய்த் தேடியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைத் தோட்டத்துக்குத் திருப்பித் தருவதற்கு இதைவிட என்ன உரிமை வேண்டும்?

சீர் மக்களுக்குத் தெரியாத சொல்லும் அன்று. ‘ஏளா, நாத்த சீரா வையி’ என்று நடவில் மூத்தவள் இளையவளிடம் சொல்வது நெல்லைப் பக்கத்து வயலில் இன்றும் கேட்கும் பேச்சு. ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்ற குறளில் அளவும் எடையும் அச்சொல்லில் இருக்கின்றன. கல்யாணச் சீரோடு குழம்பிவிடும் என்ற அச்சம் வீண். மரவரிசையைப் பற்றிய பேச்சில் பித்தளைக் குடத்தை யாரும் நினைக்கமாட்டார்கள்.

சீரை ஏற்றால் அதன் சுற்றமும் கூடவே வருகிறது. ஒரு குழு அடுத்த குழுவோடு இணையும் முறைக்குத் ‘தளை’, முழு வரிசைக்கு ‘அடி’, பாதையின் இருபக்கமும் ஒன்றுக்கொன்று மறுமொழி தருவதற்குத் ‘தொடை’. வெண்பாவின் மற்ற அடிகள் நாற்சீராய் வந்து, ஈற்றடி முச்சீரில் முடிவதுபோல, குளக்கரைக்குச் செல்லும் பாதையின் கடைசி வரிசையில் ஒரு மரத்தைக் குறைத்து நீர்ப்பரப்பைத் திறந்துவிடச் சொல்வதற்கு, ‘ஈற்றடியை முச்சீராக விடுங்கள்’ என்ற ஒரு வரி போதும். தாளத்தை வைத்துக்கொண்டு இதைச் சொல்லவே முடியாது. பாடநூல்களைத் திருத்துவோர் ரிதத்துக்குச் சீரையும், ஹார்மனிக்கு ஒத்திசைவையும் வைத்து, தாளத்தைக் கச்சேரிக்கே விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.