பெரிய டர்போ போடுகிறீர்களா? இன்ஜெக்டர் கணக்கை முதலில் போடுங்கள்

பிஸ்டன் உருகிப்போய் வரும் டர்போ இன்ஜின்களைப் பிரித்துப் பார்த்தால், பல நேரம் டர்போவின் மேல் தவறே இருக்காது. பூஸ்டை, அதாவது டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தை ஏற்றியவர்கள், அந்தக் காற்றுக்கு ஈடான பெட்ரோலை அதைப் பீய்ச்சும் இன்ஜெக்டரால் கொடுக்க முடியுமா என்று பார்க்காமல் விட்டிருப்பார்கள். நடுத்தர ஆர்பிஎம் வரை எல்லாம் ஒழுங்காகவே ஓடும். உச்சத்தை நெருங்கும்போது இன்ஜெக்டர் மூடவே நேரமில்லாமல் திறந்தபடி நிற்கும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ மேலும் பெட்ரோல் கேட்கும், ஆனால் கிடைக்காது. கலவை லீன் ஆகும் (காற்றுக்குப் பெட்ரோல் குறையும்), நாக்கிங் (கட்டுப்பாடில்லாத வெடிப்பு) தொடங்கும், சில நொடிகளில் பிஸ்டன் போய்விடும். காகிதத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

அந்தக் கணக்கு இதுதான். ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் எடுக்க எவ்வளவு பெட்ரோல் செலவாகும் என்பதற்கு ஓர் எண் உண்டு. டர்போ இல்லாத இன்ஜினில் அது 0.45 முதல் 0.50 பவுண்டு. டர்போ இன்ஜினில் 0.55 முதல் 0.65 வரை போகும், ஏனென்றால் எரிகலனைக் குளிர்ச்சியாக வைத்திருக்கக் கலவையை வேண்டுமென்றே ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக விடுகிறோம். நான்கு சிலிண்டர் இன்ஜினில் 600 குதிரைத்திறன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 600-ஐ 0.60-ஆல் பெருக்கினால் மணிக்கு 360 பவுண்டு. நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 90. இன்ஜெக்டர் மொத்த நேரத்தில் எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது என்பதுதான் டியூட்டி சைக்கிள். அதை 80 சதவீதத்துக்குள் வைக்க 90-ஐ 0.8-ஆல் வகுத்தால் 112.5 பவுண்டு. நிமிடக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 1,180 சிசி.

80 சதவீதத்தோடு ஏன் நிறுத்துகிறேன், மீதி வீண்தானே என்று கேட்பவர்கள் நிறையப் பேர். 7,500 ஆர்பிஎம்மில் இன்ஜின் ஒரு முழுச் சுழற்சியை (கிராங்கின் இரண்டு சுற்று) முடிக்க 16 மில்லிசெகண்டுதான் ஆகிறது. இன்ஜெக்டரின் ஊசி திறக்கவும் மூடவும் அதற்குள்ளேயே நேரம் வேண்டும். அந்த இடைவெளி இல்லாமல் போனால் ஒவ்வொரு முறையும் எவ்வளவு பெட்ரோல் விழுகிறது என்பது யார் கையிலும் இருக்காது. குளிர்ந்த இரவில் காற்றின் அடர்த்தி கூடும், பூஸ்ட் கொஞ்சம் மீறிப் போகும். அதற்கெல்லாம் கையிருப்பு இந்த 20 சதவீதம்தான்.

இன்னொரு விஷயம்: கணக்கில் வரவேண்டியது கிராங்கில், அதாவது இன்ஜினின் தண்டிலேயே கிடைக்கும் திறன். திறனை அளக்கும் டைனோவில் சக்கரத்தில் 600 காட்ட வேண்டும் என்பது உங்கள் இலக்கு என்றால், கியர்பாக்ஸிலும் டிஃப்ரென்ஷியலிலும் 15 சதவீதம் போகிறது என்று எடுத்துக்கொண்டாலே கிராங்கில் 700-க்கு மேல் தேவை. அப்போது இன்ஜெக்டர் 1,390 சிசி அருகில் வந்துவிடும். எத்தனால் மிகுந்த இ85 எரிபொருளைப் போட்டு ஓட்டுவதாக இருந்தால் பெட்ரோலைவிட 30 முதல் 40 சதவீதம் அதிக எரிபொருள் வேண்டும், அதற்கு ஏற்பக் கூட்டுங்கள்.

சரி, 1,200 சிசி என்று அச்சிட்ட இன்ஜெக்டரை வாங்கிவிட்டீர்கள். அது 1,200 கொடுக்குமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்த எண் பெரும்பாலும் 3 பார் அழுத்தத்தில் அளந்தது. இன்ஜெக்டருக்குத் தெரிவது அதன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாடு மட்டுமே. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ரெயிலில் 3 பார் இருக்க, காற்று இன்ஜினுக்குள் போகும் மேனிஃபோல்டில் 1.5 பார் பூஸ்ட் எதிர்த்துத் தள்ளினால் மிச்சம் 1.5 பார்தான். பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறுவதால் 1,200 சிசி இன்ஜெக்டர் சுமார் 850-தான் கொடுக்கும். அதிகம் தேவைப்படும் நொடியில் 29 சதவீதம் காணாமல் போகிறது. ஆகவே பூஸ்ட் ஏறும் அளவுக்கு ரெயில் அழுத்தத்தையும் ஏற்றித் தரும் ரெகுலேட்டர் வேண்டும், அதற்கு மேனிஃபோல்டிலிருந்து வரும் வேக்குவம் குழாய் கழன்றோ வெடித்தோ இருக்கக் கூடாது. தயவுசெய்து அந்தச் சின்ன ரப்பர் குழாயைப் பாருங்கள்.

ரெயில் அழுத்தம் 4.5 பாருக்கு ஏறினால் பம்பின் வேலையும் ஏறும். மேலே சொன்ன 360 பவுண்டு என்பது மணிக்கு சுமார் 227 லிட்டர். 255 லிட்டர் பம்ப் போதும் என்று தோன்றும். ஆனால் அழுத்தம் கூடக் கூடப் பம்பின் பாய்வு குறையும், மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கினால் இன்னும் குறையும். பம்பின் அட்டவணையில் 4.5 பாருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சின்ன இன்ஜெக்டரை வைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் ஏற்றிச் சமாளிக்கலாம் என்பவர்களும் உண்டு. 3 பாரை 4 ஆக்கினால் கிடைப்பது 15 சதவீதம்தான், சுமை முழுதும் பம்பின் தலையில்.

அப்படியானால் 2,000 சிசி வாங்கிப் போட்டுவிட்டால் நிம்மதியா? அதுவும் இல்லை. ஐட்லிங்கில் அவ்வளவு பெரிய இன்ஜெக்டர் மிகக் குறைந்த நேரமே திறக்க வேண்டும், அதில் பெரும்பகுதி ஊசி அசையும் நேரத்துக்கே போய்விடும். ரேடியேட்டர் ஃபேன் ஓடி வோல்டேஜ் சற்று இறங்கினாலும் கலவை ஆடும். நல்ல இன்ஜெக்டரோடு எந்த வோல்டேஜில் எவ்வளவு டெட் டைம் (ஊசி அசைவதில் வீணாகும் நேரம்) என்ற அட்டவணையும், சிறிய பல்ஸ்களுக்கான திருத்தமும் வரும். அந்த விவரம் இல்லாத இன்ஜெக்டரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் பொருத்துவதில்லை. மின்தடையையும் கேளுங்கள். 2, 3 ஓம் வகையை, 12 ஓமுக்கு மேற்பட்ட வகைக்கான ஈசியூவில் நேரடியாக மாட்டினால் ஈசியூவுக்குள் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் எரிந்துவிடும்.

நான்கும் ஒரே அளவு பாய்கின்றனவா என்று பெஞ்சில் சோதித்த செட்டாக வாங்குங்கள். ஓர் இன்ஜெக்டர் 8 சதவீதம் குறைவாகக் கொடுத்தால், எக்ஸாஸ்ட் சேரும் இடத்தில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வெறும் 2 சதவீத லீன் என்றே காட்டும். மற்ற மூன்றும் அதை மறைத்துவிடும், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் வேகும்.

கடைசியாக, டைனோவில் முழு பூஸ்டில் ஏற்றும் முன் ரெயிலில் ஒரு பிரஷர் சென்சார் மாட்டி, அந்த அளவையும் மேனிஃபோல்டு அழுத்தத்தையும் டியூட்டி சைக்கிளையும் ஒன்றாகப் பதிவு செய்யுங்கள். முதலில் குறைந்த பூஸ்டில் ஓட்டி, இரண்டு அழுத்தங்களின் வித்தியாசம் 3 பாரிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். ஆர்பிஎம் ஏற ஏற அது சரிந்தால் தவறை ட்யூனில் (ஈசியூவின் அமைப்புகளில்) தேட வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, பம்ப், அதன் வயரிங், ஃபில்டர், ரெகுலேட்டர் என்று வரிசையாகப் பாருங்கள்.