நூலா, தங்கூசியா?

"மெழுகு பூசியது, பூசாதது, டேப் என்று மருந்துக்கடையில் மூன்று ஃப்ளாஸ் (பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) காட்டுகிறார்கள். எதை வாங்க? நூல் விட்டால் பல் அகலும் என்கிறாரே மாமியார்?" தக்கலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலில் மாமியாருக்கு: அகலாது. வீங்கிய ஈறு வற்றும்போது, அது மூடிவைத்திருந்த இடைவெளி கண்ணில் படும். அவ்வளவுதான்.

மாம்பழ நாரும் மீன்முள்ளும் உறுத்தும், எடுத்துவிடுவோம். உறுத்தாமல் இருப்பதுதான் ஆபத்து. பாக்டீரியா சர்க்கரையிலிருந்தே பசை செய்து பல்லில் படலமாக ஒட்டிக்கொள்ளும். அது விடும் அமிலத்தால் பிஎச் (அமிலம் ஏற ஏற இறங்கும் அளவு) 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையும். கொப்பளித்தால் இது போகாது; பிரஷ்ஷும் பல் இடுக்குக்குள் எட்டாது. உரசித்தான் எடுக்க வேண்டும்.

எதைக்கொண்டு உரசுவது? மீனவ ஊரான குளச்சலில் நூல் வலைக்கும் தங்கூசி வலைக்கும் வித்தியாசம் சிறுவனும் சொல்வான்: ஒன்று பல இழை, மற்றது ஒற்றை இழை. ஃப்ளாஸிலும் அதே கதை. நைலான் ஃப்ளாஸ் நுண்ணிழைகளின் கட்டு. இடுக்கில் தட்டையாகி நுழைந்து, உள்ளே விரிந்து, இழைகளுக்கு நடுவே அழுக்கைப் பிடிக்கும். நெருக்கமான பல்லில் பிய்ந்தும் போகும். மெழுகு அதைக் குறைக்கும்.

தங்கூசி மாதிரி ஒற்றை இழையாக வழுக்கும் டேப் வகைகளில் பலவும் பிடிஎஃப்இ, அதாவது ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் அதே பொருள். 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்ற பொறியாளர் சூடான பிடிஎஃப்இ கம்பியை மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்தார், அறுந்துகொண்டே இருந்தது. எரிச்சலில் வெடுக்கென்று இழுத்தார். அறவில்லை! பல மடங்கு நீண்டது, பருமனோ பெரிதாகக் குறையவில்லை. உள்ளே அது முடிச்சுகளாகவும் அவற்றை இணைக்கும் நுண்ணிழைகளாகவும் பிரிந்து, நடுவில் காற்று புகுந்திருந்தது. இழைகள் எல்லாம் இழுத்த திசையிலேயே நிற்பதால் இது லேசில் பிய்யாது. செயற்கை ரத்தக்குழாயும் இதில் செய்கிறார்கள்.

நெருக்கமான பல்லுக்கு இது. சாதாரணப் பல்லுக்கு மெழுகு நைலான் போதும். ஈறு இறங்கி இடைவெளி பெரிதானவர்களுக்கு ஃப்ளாஸைவிட இடைப்பல் பிரஷ் நல்லது. பல்லில் கம்பி, பிரிட்ஜ் (நிலையாகப் பொருத்திய செயற்கைப் பல்) போட்டவர்களுக்கு முனை விறைப்பாக, நடுவில் பஞ்சுபோல் இருக்கும் நூல்.

ஃப்ளாஸுக்கான ஆய்வுச் சான்றின் உறுதி குறைவு என்கிறது, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2019 மதிப்பாய்வு. பல்லிடைச் சொத்தை உருவாக வருடங்கள் ஆகும். சோதனைகளோ பெரும்பாலும் சில மாதங்களில் முடிந்துவிடும். மலிவான நூலுக்காக வருடக்கணக்கில் யார் பணம் போடுவார்? அரசுதான் போட வேண்டும் என்பது என் கட்சி. கண்டங்கத்திரி விதைப் புகையில் விழுமாம், பல்லைச் சொத்தையாக்கும் 'பல் புழு'. அப்படி ஒரு புழுவே கிடையாது, அதற்கு மட்டும் இன்னும் ஆள் வருகிறது.

சுமார் 45 செ.மீ. நூலை எடுத்து, பல்லைச் சுற்றி வளைத்து மேலும் கீழும் உரசுங்கள். ஈறில் இடிக்க வேண்டாம். ஆரம்பத்தில் கொஞ்சம் ரத்தம் வரலாம். ஒன்றிரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.