பம்பு ஏற்றுமதிக்கும் அனுமதி வேண்டுமா? ஸ்கோமெட் விதி சொல்வது

கோவையில் செய்யும் பம்புகளில் பெரும்பாலானவை தண்ணீர் இறைக்கத்தான் போகின்றன. அவற்றை அனுப்ப இந்த விதி குறுக்கே வராது. ஆனால் வெளிநாட்டு ரசாயன ஆலையிலிருந்து பம்போ வால்வோ கேட்டு ஆர்டர் வந்தால், விலை சொல்வதற்கு முன்பே ஸ்கோமெட் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

தொழிலுக்கும் உதவும், ஆயுதம் செய்யவும் உதவும் ரசாயனங்கள், உயிரிகள், கருவிகள், தொழில்நுட்பங்களின் பட்டியல் அது. அதிலுள்ளவற்றை அனுமதியின்றி ஏற்றுமதி செய்யக்கூடாது. 1992ஆம் ஆண்டின் அந்நிய வர்த்தகச் சட்டமும் 2005ஆம் ஆண்டின் பேரழிவு ஆயுதச் சட்டமும் இதற்கு அடிப்படை.

பம்பு இந்தக் கணக்கில் வந்ததற்குக் காரணம் உண்டு. ஈரானுடனான போரில் ஈராக் ரசாயன ஆயுதங்களை வீசியது. அவற்றைச் செய்யத் தேவைப்பட்டவை சாதாரண வியாபாரச் சரக்காகவே பல நாடுகளிலிருந்து போயிருந்தன. அதன் பிறகு, இத்தகைய ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த 1985இல் உருவான நாடுகளின் கூட்டமைப்புதான் ஆஸ்திரேலியா குழு. இந்தியா 2018 ஜனவரியில் அதில் சேர்ந்தது.

ஸ்கோமெட்டிலும் இடம்பெறும் அந்தக் குழுவின் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது, ரசாயனம் படும் பாகம் எதனால் ஆனது என்பது. வார்ப்பிரும்பு, 304, 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் கவலையில்லை. நிக்கல் 40 சதவீதத்துக்கு மேல் உள்ள ஹேஸ்டலாய் போன்ற உலோகம், டைட்டானியம், டான்டலம், டெஃப்லான் பூச்சு என்றால் உஷாராகுங்கள். அதோடு அளவும் சேர வேண்டும்: வால்வு என்றால் 10 மில்லிமீட்டருக்கு மேல், சீல் (கசிவுத் தடுப்பு) இல்லாத அல்லது பல சீல் கொண்ட பம்பு என்றால் மணிக்கு 0.6 கன மீட்டருக்கு மேல். 0.6 கன மீட்டர் என்பது வெறும் 600 லிட்டர். ஆகவே சின்ன பம்புதானே என்று விட்டுவிட முடியாது.

பலர் கோட்டைவிடுவது வரைபடத்தில்தான். பட்டியலில் உள்ள கருவியைச் செய்யும் தொழில்நுட்ப வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்பினாலும் அது ஏற்றுமதியே. பெட்டி துறைமுகம் போயிருக்க வேண்டியதில்லை.

விண்ணப்பம் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் (டிஜிஎஃப்டி) இணையதளத்தில். கூடவே, சரக்கை எதற்குப் பயன்படுத்தப்போகிறார் என்று வாங்குபவர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். டெல்லியில் பல அமைச்சகங்கள் அடங்கிய குழு அதைப் பரிசீலிக்கும். அணுசக்தி சார்ந்தவற்றுக்கு அணுசக்தித் துறையும், ராணுவத் தளவாடங்களுக்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறையும் அனுமதி தரும்.

பட்டியலில் இல்லாத பொருளானாலும், பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தால் அனுப்பக்கூடாது. வாங்குபவர் பயன்பாட்டைச் சொல்லத் தயங்குகிறார், பொருத்தவும் பழுதுபார்க்கவும் ஆள் வேண்டாம் என்கிறார் என்றால் நிறுத்தி விசாரியுங்கள்.

அனுமதியின்றி ஏற்றுமதி செய்து பிடிபட்டால், முதல் முறைக்கே 3 லட்சம் முதல் 20 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுமுறை சிறை. உங்கள் பொருள் பட்டியலில் வருமா என்ற சந்தேகத்தை டிஜிஎஃப்டியிடமே கேட்கலாம். அந்தப் பதிலும் அனுமதியும் கைக்கு வர ஆகும் நாட்களைச் சேர்த்தே டெலிவரி தேதி கொடுங்கள்.