கண்ணாடி தானாக இறங்கினால், முதலில் ரப்பரைப் பாருங்கள்

போன மாதம் மணவாளக்குறிச்சியிலிருந்து ஒரு சார் வந்திருந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் காரில் சுவிட்சைத் தட்டினால் டிரைவர் பக்கக் கண்ணாடி முக்கால்வாசி ஏறியதும் நின்று, தானாகவே கீழே இறங்கிவிடுகிறது. வேறொரு இடத்தில் காட்டியதில் மோட்டாரை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, மோட்டாரை அப்புறம் பாத்துக்கிடலாம். இந்தத் திரும்பி இறங்குறத மட்டும் இப்ப கட் பண்ணி விட முடியுமா?"

பின் சீட்டில் நாலு வயதுப் பேத்தி ஜன்னலில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "அத மட்டும் செய்ய மாட்டேன் சார்" என்றேன்.

தக்கலையில் வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிற எனக்கு இந்தக் கோரிக்கை புதிதில்லை. கண்ணாடி திரும்பி இறங்குவதைப் பலரும் கோளாறு என்றே நினைக்கிறார்கள். உண்மையில் வண்டி கையைக் காப்பாற்றப் பார்க்கிறது. மோட்டார் எத்தனை சுற்று சுற்றுகிறது, எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று உள்ளே ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். வழியில் வேகம் குறைந்தால், நடுவில் ஏதோ மாட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கிவிடும். தானாக ஏறும் கண்ணாடி 100 நியூட்டனுக்கு மேல், அதாவது சுமார் 10 கிலோ எடைக்கு மேல் அழுத்துவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் சொல்கின்றன. மாட்டியிருப்பது பிள்ளையின் விரலா, ரப்பரில் அடைத்த மணலா என்று அதற்குத் தெரியாது. இரண்டும் அதற்குத் தடைதான்.

சாரின் வண்டியில் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, அது ஓடும் ரப்பர் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். விரல் நுனி கறுத்து வந்தது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணல்தான். இல்மனைட் என்ற கறுப்புத் தாது கலந்த அந்த மணல் கனமானது, பள்ளத்தில் இறங்கினால் அங்கேயே தங்கிவிடும். போதாததற்குக் கண்ணாடி வழுக்கி ஓடட்டும் என்று யாரோ தேங்காய் எண்ணெய் வேறு தடவியிருந்தார்கள். எண்ணெயும் மணலும் குழைந்து, அம்மியில் அரைத்த மசாலா மாதிரி அப்பியிருந்தது.

தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில், கிரீஸ் எதையும் அந்த ரப்பரில் தடவாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு தூசியைப் பிடித்துவைக்கும். இன்ஜின் ஆயில், கிரீஸ் பட்டால் ரப்பரே உப்பி, கண்ணாடியை இன்னும் இறுக்கும். பிளாஸ்டிக் ஸ்கேலில் ஈரத்துணியைச் சுற்றி, பள்ளத்தில் மேலிருந்து கீழாக இழுங்கள். துணி சுத்தமாக வரும்வரை இழுத்து, நன்றாகக் காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும். சாரின் வண்டிக்கு இவ்வளவுதான் வேலை. மோட்டாரைத் தொடவே இல்லை.

மோட்டார் கெடாது என்று நான் சொல்லவில்லை. கண்ணாடி மெதுவாக ஏறினால், ஏறும்போதே மோட்டார் கனெக்டரில், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 9 தான் வந்தால் குற்றம் பெரும்பாலும் சுவிட்சிலோ வயரிலோ இருக்கும். கதவைத் திறந்தால் வேலை செய்து, மூடினால் செய்யாவிட்டால், கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள் வயர் ஒடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையவில்லையென்றால் பெரும்பாலும் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் கேபிள் அறுந்திருக்கும். இதையெல்லாம் பார்க்காமல் மோட்டாரை மாற்றச் சொன்னால், எப்படி முடிவு செய்தீர்கள் என்று தைரியமாகக் கேளுங்கள். நம் குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் மண்ணால் அடைத்திருந்தால் உள்ளே தண்ணீர் தேங்கும். ஒரு குச்சியால் குத்திவிட்டாலே வடிந்துவிடும்.

பேட்டரி மாற்றியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேட்டரியைக் கழற்றினால், கண்ணாடியின் மேல் எல்லை எது என்பதைப் பல வண்டிகள் மறந்துவிடும். ஒரே தட்டில் ஏறுவது நின்றுவிடும். சுவிட்சை இழுத்துப் பிடித்தால் ஏறும் என்பதால் பலர் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த நிலையில் பல வண்டிகளில் கையைக் காக்கும் வேலையும் நின்றிருக்கும். பெரும்பாலும் கண்ணாடியை முழுக்க இறக்கி, பிறகு முழுக்க ஏற்றி, மேலே போய் முட்டியதும் சுவிட்சைச் சில விநாடிகள் விடாமல் பிடித்தால் மறுபடி கற்றுக்கொள்ளும். வண்டிக்கு வண்டி முறை மாறும், கூட வந்த கையேட்டில் போட்டிருப்பார்கள்.

வேலை முடிந்ததும் சாரிடம் பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு முருங்கைக்காய் வாங்கிவரச் சொன்னேன். ஒன்றை டிரைவர் ஜன்னலில் குறுக்கே நீட்டிப் பிடித்து, அவரைச் சுவிட்சைத் தட்டச் சொன்னேன். கண்ணாடி காயைத் தொட்டது, திரும்பி இறங்கியது. காயில் லேசான தடம் மட்டும். அடுத்ததைப் பேத்தி உட்காரும் பக்கத்து ஜன்னலில் பிடித்தேன். கண்ணாடி நிற்கவில்லை. காய் நசுங்கி, விதை பிதுங்கி வெளியே வந்தது. சார் அந்தக் காயைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நம் ஊரில் ஓடும் பல வண்டிகளில் இந்தப் பாதுகாப்பு டிரைவர் பக்கத்துக்கு மட்டும்தான். பின் கதவில் சுவிட்சைப் பிடித்திருக்கும் வரை கண்ணாடி ஏறிக்கொண்டே இருக்கும். சுவிட்சில் 'ஆட்டோ' என்று இருந்தாலும் நம்பிவிட முடியாது. சில வண்டிகளில் அது இறக்குவதற்கு மட்டும். உங்கள் வண்டியில் எப்படி என்று இன்றே பாருங்கள். ஆனால் கையை விட்டுச் சோதிக்க வேண்டாம். பாதுகாப்பு உள்ள வண்டியிலும் கடைசி 4 மில்லிமீட்டர் இடைவெளியில் அது வேலை செய்யாமல் போகலாம்.

பெரும்பாலும் டிரைவர் கதவிலேயே மற்ற ஜன்னல்களைப் பூட்டும் பட்டன் ஒன்று இருக்கும். பிள்ளைகள் ஏறினால் அதை அழுத்திவிடுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் சுவிட்சிலிருந்து பின் கண்ணாடியை ஏற்ற முடியும் என்பதால், ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். வண்டியை விட்டு இறங்கினால் சாவியையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, மழையில் நடுவழியில் கண்ணாடி ஏறாமல் நின்றுவிட்டால்? ஒருவர் சுவிட்சை மேல்நோக்கிப் பிடிக்கட்டும். இன்னொருவர் உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாக இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை அழுத்தி மேலே தள்ளட்டும், விரல்கள் மேல் விளிம்புக்குப் போகாமல். ஏறிவிட்டால் அகலமான டேப்பை உள்பக்கக் கண்ணாடியில் ஒட்டி, கதவுச் சட்டத்தின் மேலாக வளைத்து வெளிப்பக்கமும் ஒட்டிவிடுங்கள். ஒர்க்‌ஷாப் வந்து சேரும்வரை அந்தச் சுவிட்சைத் தொட வேண்டாம்.